நீலப் பெட்டியும் பச்சைப் பெட்டியும்

தலைமயிர் கருகினால் ஒரு வாடை வருமே, பட்டு கருகினாலும் அதே வாடைதான் வரும். ஆரணியில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சேலையின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டி, மூக்கருகே கொண்டுபோய் அசல்தானா என்று பார்க்கிற ஊர் அது. ஆனால் அந்த வாடை அடித்தால் எனக்குச் சேலை நினைவுக்கு வராது, ஒரு கம்ப்யூட்டர்தான் நினைவுக்கு வரும். இன்றைக்கும் அழகு நிலையத்தில் பக்கத்து நாற்காலிக்காரியின் முடியைச் சூடான கருவியால் நேராக்கும்போது அந்த வாடை வந்துவிட்டால், எழுந்து வெளியே போய் நின்றுகொள்வேன்.

எங்கள் வீட்டில் பெரியப்பா குடும்பமும் நாங்களும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றோம். முன்கூடத்தில் இரண்டு தறிகள், வாசல் பக்கம் பெரியப்பாவுடையது, உள்பக்கம் அப்பாவுடையது. பெரியப்பா மகன் தினேஷ் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அவனை அண்ணன் என்று கூப்பிடச் சொல்லி வீட்டில் எவ்வளவோ திட்டியும் நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், அவனுக்கும் அதில் வருத்தமில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ‘பிரவுசிங் சென்டர்’ திறந்திருந்த காலம் அது. பள்ளி விட்டதும் அங்கே போய் கார் பந்தயம் ஆடிவிட்டு வந்து, அவன் சாப்பிடும்போதெல்லாம் எனக்கு அதைக் கதையாகச் சொல்லுவான். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரியும். நானும் போகிறேன் என்றால் பெரியம்மா, “பொம்பளப் புள்ளக்கி அங்க இன்னா வேல? தடிப்பசங்களா ஒக்காந்துகினு கீறானுங்க” என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். ஆகையால் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வருவது தினேஷுக்கு ஆசை என்றால் எனக்கு அதைவிட மேலே. அது வந்தால்தான் எனக்கு ஆட்டம், இல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் இல்லை.

விளையாடக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டால் செருப்புதான் கிடைக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தினேஷ் கெட்டிக்காரன். சேலைக் கரைக்கும் புட்டாவுக்கும் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் டிசைன் போடுகிறார்கள், நம் டிசைனை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று பெரியப்பாவிடம் ஆரம்பித்தான். கூடவே ஒரு நல்ல ‘கார்டு’ வாங்கிப் போட வேண்டும் என்றான். அவன் சொன்னது விளையாட்டுப் படங்கள் தடங்கலில்லாமல் ஓடுவதற்கான கிராபிக்ஸ் கார்டு. டிசைனுக்காகத் துளை போட்டுத் தறியின் தலையில் மாட்டுகிற ஜக்கார்டு அட்டையைத் தவிர வேறு கார்டு அறியாத பெரியப்பா, “கார்டு இல்லாம எப்டிடா டிசைன் உழும்?” என்று உடனே தலையாட்டிவிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன்.

பிறகுதான் வந்தது எங்கள் சண்டை. கம்ப்யூட்டருக்குள் கணக்கெல்லாம் போடுகிற சில்லுக்குப் பிராசசர் என்று பெயர். அதைச் செய்கிற இரண்டு கம்பெனிகளை உங்களுக்கே தெரியும். எங்களுக்கு டப்பாவின் நிறம்தான் பெயர். ஒன்று ‘நீலம்’, மற்றது ‘பச்சை’. நான் நீலம். டிவியில் விளம்பரம் வருவது அதற்குத்தான், வேகத்தின் எண்ணும் அதில்தான் பெரிது, எட்டாவது படிக்கிற பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? தினேஷ் பச்சை. எண் சின்னதாக இருந்தாலும் ஆட்டத்தில் அதுதான் முந்தும், விலையும் குறைவு, மிச்சத்தில் நல்ல கார்டு போடலாம் என்பான். யாரிடமோ வாங்கிவந்த பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து எனக்குப் பாடம் எடுப்பான். “பச்சை சூடாவும்டா, அடுப்பு மாதிரி” என்பேன் நான். “ஃபேன் இருக்குதே, இன்னாத்துக்கு கீது அது?” என்பான் அவன். காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கினால் பள்ளி வாசல்வரை இதே பேச்சு. அந்தச் சண்டையைப் போல இன்பமான ஒன்றை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை, வெட்கமில்லாமல் சொல்லுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எண் சின்னதாக இருக்கிற ஒன்று எப்படி முந்தும் என்று நான் விடாமல் மல்லுக்கு நின்றேன். அவனுக்குப் பொறுமை போய்விட்டது. “இப்போ உங்கப்பா தறியப் பாரு சுகு. நாள் பூரா தடதடன்னு சத்தம். எங்கப்பா நிதானமாத்தான் நெய்றாரு, தறி ஓடறதே தெரியல. ஆனா சேலை மொதல்ல யார் தறியிலருந்து எறங்குது? நீலம்னா உங்கப்பா. பச்சைன்னா எங்கப்பா. புரிஞ்சிதா?”

எனக்கு உண்மையிலேயே அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு நாள் புரியாத ஒன்று சட்டென்று விளங்கிய சந்தோஷத்தில் நான் “ஓ” என்றுகூடச் சொன்னேன். குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள், தினேஷுக்குப் போடவில்லை.

மறுநாள் கடைக்குப் போவதைப் பற்றிப் பெரியப்பா பேச்செடுத்தபோது அப்பா, தறியிலிருந்து எழுந்திருக்காமலே, “வாங்கினா நீலந்தான் வாங்கணும்” என்றார். அப்பாவுக்கு நீலம் என்றால் என்னவென்றே தெரியாது. அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லி நான் அவரைப் பார்த்ததே இல்லை. பெரியப்பாவும் திகைத்துப்போனார். “அந்தக் கருமத்தப் பத்தி உனக்கின்னாடா தெரியும் சேகரு? புள்ள பச்சைன்றான், பச்சைதான்” என்றார். நான் நீலம் கேட்டவள், என் பக்கம் பேச ஓர் ஆள் கிடைத்தும் எனக்கு அது பிடிக்கவில்லை. தினேஷ் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன்.

பச்சைதான் வந்தது. கடைக்கார பாய் எங்கள் கண்ணெதிரிலேயே பெட்டிக்குள் எல்லாவற்றையும் பூட்டி முடித்துவிட்டு, “ரெண்டுமே ஓடும்பா, இதுக்குப் போயி இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? தூசு மட்டும் ஆவாது, அப்பப்போ ஃபேனத் தொறந்து ஊதிவுடுங்க” என்றார். பெரியப்பா ஜெயித்த பெருமையில் இருந்தார், அப்பா கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், நானும் தினேஷும் எந்த ஆட்டத்தை முதலில் போடுவது என்று முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தோம். பாய் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

பெரியம்மா ராட்டினத்தில் தார் சுற்றுகிற, அதாவது நாடாவுக்கான குச்சியில் பட்டு நூலைச் சுற்றுகிற அறையில்தான் இடமிருந்தது, அங்கே வைத்தோம். மானிட்டர் மேஜைமேல், பெட்டி தரையில், என் முழங்காலுக்குப் பக்கத்தில். பள்ளி விட்டு வந்ததும் பாவாடையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தால், பெட்டியின் பின்னாலிருந்து வெதுவெதுவென்று காற்று காலில் அடிக்கும். பச்சை பறந்தது. தினேஷிடம் நான் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை, “நீலமாயிருந்தா இதுக்கு மேல ஓடியிருக்கும்” என்றே சொல்லிவந்தேன். அவனும் அதைக் கேட்பதற்காகவே காத்திருந்தவன் போல உடனே பாய்ந்துகொண்டு வருவான். அப்பா மட்டும் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் பேசுவது குறைந்துபோய், உப்பு எங்கே, தண்ணீர் வந்ததா என்கிற அளவில் நின்றது.

அடுத்த வெயில் காலத்தில், பின்மதியத்தில், நானும் அவனும் பந்தயத்தில் கடைசிச் சுற்றில் இருந்தபோது அந்த வாடை வந்தது. எங்களுக்கு முன்னால் அது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் எட்டிவிட்டது. “பட்டு கருவுது! பட்டு கருவுது!” என்று இருவரும் ஒரே குரலில் கத்திக்கொண்டு தறிகளுக்கு ஓடினார்கள். அண்ணன் தம்பி தறியின் பாவு நூலைத் தடவிப் பார்க்கிறார், தம்பி அண்ணன் தறியின் கீழே குனிந்து பார்க்கிறார். அவரவர் தறியை முதலில் பார்க்க வேண்டும் என்றுகூட அந்த நிமிஷத்தில் அவர்களுக்குத் தோன்றவில்லை. கூடத்தில் ஒன்றுமில்லை. அதற்குள் இங்கே திரை இருண்டு, பெட்டி நின்றுபோயிருந்தது.

எல்லாரும் அறை வாசலில் வந்து கூடினார்கள். அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “பச்ச பச்சன்னு குதிச்சீங்களே, கொளுத்திடுச்சா? எம் பொண்ணு அப்பவே சொன்னா, சூடாவும்னு.” பெரியம்மா சும்மா இருப்பாளா? “வந்த நாள்லருந்து வயிறெரிஞ்சிகினே இருந்தா எதுதான் உருப்படும்?” என்றாள். பெரியப்பா, “பொட்டச்சிங்க வாய மூடுங்கடி” என்று கத்திவிட்டுத் தம்பியைப் பார்த்து, “இன்னாடா சேகரு, உம் பொண்டாட்டி பேசறா, நீ நிக்கற” என்றார்.

அப்பா மெதுவாகத்தான் சொன்னார். “சத்தம் மட்டும் போடற தறிக்கு இந்த வூட்ல எதுக்குண்ணா எடம்? நாங்க தனியாப் போயிக்கிறோம்.”

பெரியப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தத் தறி, என்ன சத்தம் என்று முழித்தார். கையில் திருப்புளியோடு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தினேஷுக்கு விளங்கிவிட்டது. அவன் முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று. “சித்தப்பா, நான் பிராசசரத்தான் சொன்னேன்” என்றான். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை, அப்பா போய்விட்டிருந்தார்.

பாகம் பிரிக்கச் சந்தவாசலிலிருந்து அப்பாவின் தாய்மாமன் வந்தார். பித்தளை அண்டா, இரும்புப் பெட்டி, பாவு சுற்றுகிற சாமான் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி வைத்து ஆளுக்கொன்றாக எடுத்துவைத்துக்கொண்டே வந்தவர், கம்ப்யூட்டரிடம் வந்ததும் நின்றார். “இதுவும் ரெண்டாத்தான கீது? அப்போ வம்பே இல்ல” என்று மானிட்டரை எங்கள் பக்கமும் பெட்டியைப் பெரியப்பா பக்கமும் நகர்த்தினார். “தாத்தா, அது தனித்தனியா ஓடாது” என்றான் தினேஷ். “வேணும்ன்றவங்க மத்தத வாங்கிக்குங்க, போடா அந்தாண்ட” என்றார் அவர். கூடத்தின் நடுவில் சுவர் எழும்பியது. மானிட்டருக்கு அம்மா பழைய ரவிக்கைத் துணியில் ஓர் உறை தைத்துப் போட்டாள்.

சில வாரம் கழித்துத் தெருக்குழாயில் தினேஷைப் பார்த்தேன். அவன் வீட்டுக் குடத்தை வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்: “பெட்டிக்கு ஒண்ணும் ஆவல சுகு. ஃபேனு பூரா பட்டுப் பஞ்சி. அம்மா தார் சுத்தறது பறந்து பறந்து அடைச்சிருக்குது. பாய் ஊதிவுட்டாரு, ஓடுது.”

“எதுல பாத்த?”

“கடையில. பாய் மானிட்டர்ல.”

நீலமாக இருந்திருந்தாலும் அடைத்துத்தான் இருக்கும் என்று அவன் சொல்லுவான் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. குடம் நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு நான் அழுத அழுகை மானிட்டருக்காகவா, அவனுக்காகவா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

காலம் நிற்கிறதா? நான் படித்துச் சென்னைக்கு வேலைக்கு வந்துவிட்டேன். பிராசசரைப் பற்றி அவ்வளவு படித்தவன், பன்னிரண்டாவதோடு நின்று, செய்யார் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிறான். சென்ற வருஷம் பெரியப்பா இறந்தபோதுதான் அப்பா அந்தச் சுவருக்கு அந்தப்புறம் போனார். தலைமாட்டில் வெகுநேரம் நின்றார். அழவில்லை. ஆற்றங்கரையில் காரியம் முடிந்து வீடு திரும்பும்போது, ஆட்டோவில், நான் கேட்காமலே பேசினார்.

“பட்டு வாடைன்னு எனக்குத் தெரியாதாம்மா? கம்ப்யூட்டரு கருவினா பிளாஸ்டிக் நாத்தம் வரும். ரெண்டு பேருந்தான ஓடினோம் தறிக்கு. எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும், அது மிஷின் கோளாறு இல்லன்னு. தெரிஞ்சிகினேதான் பேசினேன்.” கொஞ்சம் கழித்து, “என் தறியத் தடவித் தடவித் தேடினாரும்மா எங்கண்ணன்” என்றார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அந்த பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பாயின் கடையும் இல்லை. மானிட்டர் இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது, பெட்டி அவர்கள் பரணில் இருக்கிறதாம், நடுவில் அந்தச் சுவர். சென்னைக்குத் திரும்பிய பிறகு, அப்பா சொன்னதைச் சொல்லலாம் என்று தினேஷைக் கூப்பிட்டேன். கம்பெனி பஸ்ஸில் இருந்தான், ஒரே இரைச்சல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வுடு சுகு” என்றான். பிறகு, “நீ வச்சிருக்கற லேப்டாப்புல எது? நீலமா, பச்சையா?” என்று கேட்டான்.

ஆபீசில் கொடுத்தது, நான் பார்த்ததே இல்லை. இரு என்று சொல்லிவிட்டு, மூடியைத் திறந்து ஓரத்து ஒட்டுத்தாளைப் பார்த்து, “நீலம்” என்றேன்.

“நல்லதுதான், வச்சிக்கோ” என்றான்.

இன்னும் ஏதாவது சொல்லுவான், சண்டைக்கு வருவான் என்று, அவன் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.