வெளிறிய மஞ்சள் ஹெல்மெட்

அந்தப் பழைய பொம்மைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்திருக்கும் மனுஷருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தாலும் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. சேகரிப்புப் பொம்மை செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிற எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, தேறுமா?" அதனால் அவர் தேறுமாண்ணன்.

சொன்ன விலைக்கு ஒரு செட் தகுமா, தகாதா என்று சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பொம்மையைக் காதருகே வைத்து அதன் தோளைத் திருப்புவார். அசல் என்றால் டிக், டிக் என்று துல்லியமாக விழும். போலி என்றால் சத்தமே வராது. அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. வீட்டுக்குப் போனால் ஒரே ஒரு நாற்காலி, சுவர் நிறைய சீல் பிரிக்காத பெட்டிகள். பிரித்தால் மதிப்பு பாதியாகிவிடும். அதனால் தன்னுடைய பொம்மை ஒன்றையும் அவர் தொட்டதே கிடையாது!

அவருக்கு இருந்த ஒரே கூட்டாளி போனில் மட்டும்தான். முகம் பார்த்ததில்லை. ஞாயிறு சாயங்காலம் ஆனால் போதும், "என்ன மாப்ளே, இந்த வாரம் எவன் ஏமாந்தான்?" என்று அந்தக் குரல் வரும். இவருக்கும் அவர் மாப்ளேதான். சூடாறிப்போன டீயோடு நேரம் போவதே தெரியாது.

ஒரு நாள் அந்த மாப்ளே, தான் எப்போதோ வாங்கிய ஆழ்கடல் வீரர்கள் செட்டைப் படம் எடுத்து, சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதே செட் நம்ம அண்ணனிடமும் சீலோடு இருந்தது. அதில் ஹெல்மெட் பளீரென்ற மஞ்சள். படத்திலோ வெளிறிக் கிடந்தது. தோள் சத்தத்தைக் கேட்கக்கூட அவருக்குப் பொறுமையில்லை. எல்லோரும் பார்க்கத் தட்டிவிட்டார்: "டூப்ளிகேட். கொடுத்த காசு தண்டம்."

அதற்கப்புறம் போன் வரவில்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தார். 'அவனே கூப்பிடட்டும்' என்று இவரும் வீம்பாக இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் போனைக் கவிழ்த்து வைப்பார், பிறகு நிமிர்த்தி வைப்பார். பாவம்!

மழைக்காலத்தில் ஒரு மதியம் ஒரு பெண்மணி கடைக்குள் வந்து, துணியில் சுற்றிய பொம்மையை மேசைமேல் வைத்தார். வெளிறிய மஞ்சள் ஹெல்மெட்.

"நீங்கதானே தேறுமாண்ணன்? மாப்ளேன்னு கூப்பிடுவீங்களே, அவரோட சம்சாரம் நான்."

"அவனுக்கு வாய் இல்லையாமா? கோவம்னா போன்ல திட்ட வேண்டியதுதானே!"

"பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சுண்ணே. உங்க மெசேஜை ஆஸ்பத்திரியிலதான் காட்டினேன், சிரிச்சாரு. இப்ப தினமும் இந்தப் பொம்மையைக் காட்டுறாரு, போனைக் காட்டுறாரு. நீங்க கையில எடுத்துப் பாக்கணுமாம்."

அண்ணன் பொம்மையைக் காதருகே கொண்டுபோய்த் தோளைத் திருப்பினார். டிக். டிக்.

"இதை எங்கம்மா வச்சிருந்தீங்க?"

"வாங்கின நாள்லேர்ந்தே கட்டிலுக்கு எதிர ஜன்னல்லதான். காலை வெயில் நேரா அடிக்கும். எப்பவும் கண்ணு முன்னாடி இருக்கணும்பாரு."

பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் வெளிற விடுகிற சேகரிப்பாளன் ஒருத்தன் இருப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லையே!

"அப்ப கொடுத்த விலைக்குத் தகுமாண்ணே?"

"எடுத்துட்டுப் போங்கம்மா. ஞாயித்துக்கிழமை நானே அவன்கிட்ட சொல்றேன்."

ஞாயிறு சாயங்காலம் முதல் முறையாக இவர் கூப்பிட்டார். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும்.

"மாப்ளே, ஒரிஜினல்தான்டா. நீ ஏமாறல. நான்தான்..."

பிறகு போனுக்குள் மெல்லக் கேட்டது: டிக். டிக்.

அண்ணன் எழுந்தார். அலமாரியிலிருந்து தன் ஆழ்கடல் வீரர்கள் பெட்டியை இறக்கி, மடியில் வைத்து, சீலை நகத்தால் கிழித்தார். பளீரென்ற மஞ்சள் ஹெல்மெட்டை வெளியே எடுத்து, போன் அருகே பிடித்துத் தோளைத் திருப்பினார்.