பிரேக்குக்கு அடியில் ஒரு செருப்பு

நான் ஆறடி. எழுபதுகளின் தொடக்கத்தில், இங்கிலாந்துக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய என் ஸ்போர்ட்ஸ் காரோ, கூரையில்லாத குட்டி வண்டி. முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும். செருப்போடு மிதித்தால் இரண்டு பெடல் ஒன்றாக அமுங்கும். அதனால் செருப்பைக் கழற்றிக் காலடியிலேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவேன். அது தனி சுகம்.

ஒரு நாள் காலை காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் வேகமாகத் திரும்பினேன். தெரு நீளத்துக்கும் தறிக்கான பட்டு நூல்களைப் பாவாக இழுத்துப் பிடித்து, இருபுறமும் நின்று இழை நீவிக்கொண்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தேன். இறங்கவில்லை. செருப்பு அதன் அடியில் போய்ச் சிக்கியிருந்தது. குனிந்து எடுக்கலாமென்றால் ஸ்டியரிங் நெஞ்சில் இடித்தது.

"வண்டி நிக்காது! தூக்குங்கப்பா, தூக்குங்க!" என்று யாரோ கத்தினார்கள். அத்தனை பேரும் பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். பட்டு என் தலைமுடியை உரச, வண்டி அதற்கடியில் ஓடியது. தாண்டிய பிறகுதான் எனக்குக் கைப்பிரேக் ஞாபகமே வந்தது. இழுத்து நிறுத்தினேன்.

செருப்பை வெளியே இழுத்தேன். பாவு பிடித்திருந்த ஒரு அம்மா மூச்சிரைக்க வந்து அதைப் பார்த்தார்.

"பாவா இருக்கங்காட்டியும் தூக்கினோம். எங்க புள்ளைங்க வெளாடிக்கினு இருந்திருந்தா இன்னாப்பா பண்ணியிருப்ப?"



இன்றும் வெறுங்காலோடுதான் ஓட்டுகிறேன். செருப்பு மட்டும் பக்கத்து சீட்டில், ஆள் உட்காரும் இடத்தில் இருக்கும். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.