பொம்மைக்கு முன்னால்

எழுதிப் பழக்கமில்லாத கை இது. தொடக்கப் பள்ளியோடு என் படிப்பு நின்றுவிட்டது. வரி கோணினாலும் சொன்னதையே திரும்பச் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். பல விஷயங்கள் மறந்தும் போகின்றன. அந்தப் பொம்மை மட்டும் மறக்கவில்லை. ராஃபிள்ஸ் பிளேஸ் சதுக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நிற்கும். தலையில் தொப்பி, கைகளில் வெள்ளை உறை. யாரோ வந்து பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதுபோல வலது கையை முன்னால் நீட்டியிருக்கும்.

அதை எனக்குக் காட்டியவர் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஃபேரர் பார்க் பக்கம் ஒரே வீட்டில், ஒரே மாமியாரிடம் இருந்தோம். கோயிலுக்கு என்றால் மட்டும் வெளியே விடுவார்கள். ஆகவே வெள்ளிக்கிழமைகளில் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் அவசரமாக ஒரு கும்பிடு போட்டு, சாட்சிக்கு விபூதிப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிடுவோம். "சாமி கோவிச்சுக்காதாக்கா?" என்று கேட்டால், "சாமி ஒண்ணும் சொல்லாது லா. உன் மாமியா காதுல ஓதாம இருந்தா சரி" என்பார். மாமியார் எனக்கு மட்டும்தான் என்பதுபோல.

கப்பலிலிருந்து இறங்கியவர்கள், துரைசானிகள், கூவி விற்பவர்கள் என்று சதுக்கம் நிறைந்திருக்கும். கடல் காற்று வீசும். கடைக்குள் காலெடுத்து வைக்க எனக்கு வெட்கம். கண்ணாடியில் மூக்கு படப் பார்ப்பதோடு சரி. கடலுக்குப் போகும் சந்தில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில் அடிக்கடி அக்காவைத் தவறவிட்டுவிடுவேன். அதற்காகவே அவர் ஒன்று சொல்லிவைத்திருந்தார்: "தொலைஞ்சா அலையாத. பொம்மை முன்னாடி போய் நில்லு. நான் வருவேன்." ஒரு முறைகூட அவர் வராமல் இருந்ததில்லை. கண் கலங்கி நிற்கும் என்னைப் பார்த்து, "என்னடி, பொம்மைக்குத் தொணையா இன்னொரு பொம்மையா?" என்று சிரிப்பார்.

மாமியார் காலமானார். ஆளுக்கொரு வீடானது. அந்தக் கடையும் போய், வானத்தைத் தொடும் கட்டடங்கள் வந்தன. அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றி நாங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கோயில் தவறாதவர் என்று அக்காவுக்குச் சொந்தத்தில் நல்ல பேர். அதைக் கலைக்க இருவருக்குமே மனம் வரவில்லை.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அக்காவின் மகன் போன் செய்தான். புக்கிட் பாத்தோக்கில் அவனோடுதான் இருந்தார். ஞாபகம் தப்பிப்போய், பெற்ற மகனையே சில நாள் யாரென்று கேட்பார். "சின்னம்மா, அம்மாவ வீட்டுல காணோம். கோயிலுக்குத்தானே போயிருப்பாங்க?" என்றான். எனக்கு உடனே பொம்மைதான் கண்ணில் வந்தது. புக்கிட் பாத்தோக்கிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸுக்கு ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. ஆனாலும் இந்த வயசில் அந்தப் பழைய பொய்யை அவனிடம் அவிழ்க்க வாய் வரவில்லை. "ஆமாப்பா, கோயிலாத்தான் இருக்கும்" என்றேன். எல்லோரும் சிராங்கூன் ரோட்டில் தேடினார்கள். நான் மட்டும் ரயில் ஏறி, தோபி காட் நிலையத்தில் வேறு ரயில் மாறி, சதுக்கத்துக்குப் போனேன்.

சுரங்க நிலையத்திலிருந்து மேலே வந்ததும் திசை புரியவில்லை. கடை இருந்தது கடல் பக்கம் என்று நினைத்து அங்கே போய் நின்றேன். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை நின்றேன். ஒரு நடை சுற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. எப்போதும் தொலைபவள் நான்தானே, நிற்கத்தான் பழக்கம். சாப்பாட்டு நேரத்து ஆபீஸ் கூட்டம் என்னைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா கிடைத்துவிட்டார், அதே சதுக்கத்தின் மறுகோடியில், ஆற்றுப் பக்கம், வெயிலில் மயங்கிய நிலையில்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்தபின் மகன் கேட்டான்: "அங்க இருந்த செக்யூரிட்டி நம்ம தமிழ்க்காரருதான். நிழலுக்கு வாங்கம்மான்னு எத்தன தடவ கூப்பிட்டும் அம்மா வரலயாம். 'அவ வந்து தேடுவா, நான் இல்லேன்னா பயந்துடுவா'ன்னு சொன்னாங்களாம். யாரு சின்னம்மா அவ?"

"தெரியலப்பா" என்றேன்.

தம்பி, அது நான்தான். நேரில் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் அங்கே போகிறேன். கட்டடத்துக் கண்ணாடியில் ஒரு கிழவி லேசாகக் கை நீட்டியபடி நிற்பாள். அக்கா என்று கூப்பிட வாயெடுப்பேன். அது நான்தான் என்று தெரிய ஒரு கணம் ஆகும். அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தவர்கள், போய்வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியதில் ஒன்றை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள். கை நீட்டிய பொம்மை நின்ற கடை, சதுக்கத்தின் கடல் பக்கமா, ஆற்றுப் பக்கமா? ஆற்றுப் பக்கம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இனி நான் அங்கே போய் நிற்க வேண்டும்.