மல்லி குடோனில் ஒரு கியர் பாக்ஸ்

மல்லாங்கிணற்றில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வரும் வழியெல்லாம் மூன்றாவது கியரை நான்தான் கையால் பிடித்துக்கொண்டு வந்தேன். பிடியை விட்டால் ‘டக்’கென்று நியூட்ரலுக்கு வந்துவிடும். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, இரண்டு கையாலும் கியர் ராடை அழுத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து, ஓட்டிக்கொண்டிருந்த என் நாத்தனாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சென்னையில் வேலை பார்க்கிறவள். யாரோ விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஆசையாக வாங்கிவிட்டாள். இரண்டே சீட்டு, மடக்குகிற துணிக்கூரை, சிவப்பு நிறம். அருப்புக்கோட்டையில் எங்கள் கடைவாசலில் அது நின்றால் மூட்டை மூட்டையாகக் கொத்தமல்லி வாங்க வந்தவர்கள் மல்லியை மறந்துவிடுவார்கள்.

“மதினி, இதுக்கு வேற கியர் பாக்ஸு மதுரையில கெடச்சிருச்சு. நம்மளே மாத்திருவமா?” என்றாள்.

கடையின் லோடு வண்டியை ஓட்டுகிறவள் நான். சின்னச் சின்ன ரிப்பேரும் பார்ப்பேன். ஆனால் கியர் பாக்ஸைக் கழற்றியதில்லை. “மாத்துவோம்” என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.

என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். “ரெண்டு பேருக்கும் கிறுக்குப் புடிச்சிருச்சா? மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.”

“அண்ணே, நீங்க கடையப் பாருங்க” என்று தங்கை அவரை அனுப்பிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குடோனில் காரைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தினோம். பின்சக்கரத்துக்குப் போகும் நீள ஷாஃப்டைக் கழற்றினோம். ஆயிலை வடித்தோம், பாதி என் நைட்டியில் வடிந்தது. கடைசி போல்ட்டு மட்டும் கையே நுழையாத இடத்தில் ஒளிந்திருந்தது. அவள் மல்லாந்து படுத்துக்கொண்டு அதைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அது கழன்றதும் ஜாக்கியை இறக்கிப் பழைய பாக்ஸை வெளியே இழுத்தோம். பருத்தி மூட்டையை இழுப்பது இதற்குத் தேவலை.

புதியதை ஏற்றும்போதுதான் சோதனை. கிளட்ச் பிளேட்டு துல்லியமாக நடுவில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பாக்ஸின் முனை உள்ளே போகாது. அதற்கென்று உள்ள கருவி எங்களிடம் இல்லை. நான் வீட்டுக்குள் ஓடிச் சப்பாத்திக் கட்டையை எடுத்துவந்தேன். அதன் கைப்பிடியில் டேப்பைச் சுற்றிச் சுற்றி, ஓட்டைக்குச் சரியாக வரும்வரை தடிமனாக்கினோம். பிளேட்டு நடுவில் நின்றது. அப்படியும் பாக்ஸ் ஒரு விரல்கடை வெளியிலேயே நின்று அடம்பிடித்தது.

“பின்னாடி முனையத் திருகுங்க மதினி. மெதுவா.”

திருகினேன். ‘சளக்’கென்று உள்ளே போய் உட்கார்ந்தது. நாங்கள் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

“என்ன, விழுந்திருச்சா?”

“மாட்டிருச்சு!” என்று இருவரும் கத்தினோம்.

எல்லாவற்றையும் முறுக்கி, புது ஆயில் ஊற்றி, காரைத் தரையில் இறக்கினோம். முதலில் ஓட்டும் மரியாதையை அவள் எனக்குத்தான் கொடுத்தாள். லோடு வண்டியில் முதல் கியர் போடுகிற பழக்கத்தில் ராடை இடதுபக்கம் பலமாகத் தள்ளி மேலே போட்டேன். இந்த பாக்ஸில் ரிவர்ஸ் அங்கே இருந்தது. கிளட்சை விட்டதும் கார் பின்னால் பாய்ந்து மல்லி மூட்டைகளில் மோதி நின்றது. ஒரு மூட்டை கிழிந்து, திறந்திருந்த காருக்குள் மல்லி மழையாகக் கொட்டியது. என் தலையிலும் மடியிலும் மல்லி. வீட்டுக்காரர் ஓடிவந்து கிழிந்த மூட்டையைக் கையால் பொத்தினார். நாத்தனார் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “யாத்தே, போதும் மதினி” என்று சிரித்துச் சிரித்து அழுதாள். நான் ஒன்றுமே செய்யாமலே போதும் போதும் என்றாள்.

மல்லியைத் தட்டிவிட்டுப் பரளச்சி ரோட்டுக்குப் போனோம். இந்தமுறை அவள் ஓட்டினாள். இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல், ஆளில்லாத ரோடு. ஒன்று, இரண்டு, மூன்று. நான் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினேன். கியர் அசையவில்லை. நான்கு போட்டாள். காற்று என் கொண்டையை அவிழ்த்துவிட்டது. முன்னால் போன டவுன் பஸ்ஸைத் தாண்டினோம், ஜன்னலெல்லாம் தலைகள். ஒரு அம்மாள் எங்களுக்குக் கையாட்டினார்.

வேலியோரம் நிறுத்தி மூச்சு வாங்கியபோது பைக்கில் பின்னாலேயே வந்துவிட்டார் என் வீட்டுக்காரர். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“எறங்கு ஆத்தா. கியரு சரியா விழுகுதான்னு நான் பாக்குறேன்.”

தங்கை இறங்கினாள். நான் இறங்குவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

“அண்ணே, எங்க போறீக?” என்று அவள் கத்தினாள்.

“திருச்சுழி வரைக்கும்!” என்றார் அவர் திரும்பிப் பார்க்காமல். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. பின்னால் பைக்கை உதைத்துக் கிளப்பி எங்களைத் துரத்திக்கொண்டிருந்தாள் நாத்தனார். “மதினீ, மூணுல போடச் சொல்லுங்க!” என்ற அவள் குரல் காற்றில் வந்தது. நான் சொல்லவேண்டி இருக்கவில்லை. அவர் நான்குக்கே போய்விட்டார்.