மேல்கோட்டை என்று அச்சடித்த பை

என் தங்கையின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். கணவர் போன பிறகு அவள் மைசூரில் என் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்து, புளியோகரை என்று அங்கே சொல்லும் புளியோதரைக்குப் பொடி விற்றாள். பெயரில்லாத கண்ணாடிக் கவரில் போட்டு, வாயை மெழுகுவர்த்தியில் ஒட்டுவாள். சில கடைக்காரர்கள் அவள் கைப்பக்குவத்துக்காகவே வாங்கினார்கள்.

"பேர் போட்ட பை இல்லாம வியாபாரம் வளராதும்மா," என்றேன்.

"இப்ப விக்கிறதே போதுங்ண்ணா. பையையா சோத்துல பெசஞ்சு திங்கப் போறாங்க?" என்று சிரித்தாள்.

நான் விடவில்லை. கொஞ்சமாக அடித்துத் தர அச்சகத்தார் ஒப்பாததால், அவள் சேமிப்பு முழுவதும் பைகளாக வந்து இறங்கியது. வாசகமும் என்னுடையதுதான். புளியோகரைக்குப் பேர் போன ஊர் மேல்கோட்டை. நாங்களோ கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பம். ஆனாலும் 'மேல்கோட்டை ஐயங்கார் வீட்டுத் தயாரிப்பு' என்று போட்டிருந்தேன்.

"இது பொய்யாச்சேண்ணா," என்றாள்.

"எல்லாரும் பண்றதுதான்."

ஒரு கல்யாணத்துக்கு மொத்தமாக வாங்க, மேல்கோட்டைக்காரர்கள் பையிலிருந்த முகவரியைத் தேடி வந்தார்கள். மேல்கோட்டையில் எந்த வீதி என்று கேட்டதுமே அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். விஷயம் பரவியது. பையில் எழுதியதே பொய்யென்றால் உள்ளே என்ன இருக்குமோ என்று கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பினார்கள்.

கடை கடையாக ஏறி, எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஒருவர் மட்டும் பழைய கவரில் கொஞ்சம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அதைச் சொல்லப் போனபோது, அவள் ஒரு விடுதிச் சமையலறை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"வேணும்னா அவரே வந்து கேக்கட்டும். எனக்காக நீங்க இனிப் பேச வேண்டாங்ண்ணா," என்றாள்.

அவர் வரவில்லை.