அண்ணையின் வீட்டுக்குப் பின்னால் அக்காவின் கார்

ஓடுகிற வீட்டுக்குப் பின்னால் ஒரு காரைக் கட்டி அனுப்புவது எங்கள் தொழில். இதில் இரும்பு வேலை கால்வாசி, மிச்சமெல்லாம் குடும்ப வேலை. மோட்டார்ஹோம் வாங்கி, அதைக் கடற்கரை வரை கொண்டுபோய் நிறுத்தி, மேசை நாற்காலி எல்லாம் விரித்த பிறகு, ஒரு போத்தல் பால் வாங்க முழு வீட்டையும் மறுபடி கிளப்பிக்கொண்டு போன அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியென்றால் நீங்கள் நம்ம ஆள். பின்னால் ஒரு சின்னக் கார் இருந்தால் எவ்வளவு நல்லது என்று அன்றைக்கே நினைத்திருப்பீர்கள். அன்றைக்கே உங்கள் நிம்மதியும் போயிருக்கும்.

லண்டன் எட்மண்டனில் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். நான் யாழ்ப்பாணம், இரும்பு என் பக்கம். வயர், விளக்கு எல்லாம் மதுரைக்காரர் முருகேசன் பக்கம். காரின் மூக்கில் ஆங்கில ஏ எழுத்து வடிவத்தில் ஒரு சட்டத்தைப் பூட்டி, மோட்டார்ஹோமின் பின்கொக்கியில் மாட்டுவோம். கார் தன் நாலு சக்கரத்திலும் உருண்டு வரும். முன்வண்டி பிரேக் பிடித்தால் அதுவும் பிடிக்கும். ஆளில்லாத கார் முதன்முதலாக ஒரு வளைவில் சொன்னபடி கேட்டுத் திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு படபடக்கும். "இன்னுமாண்ணே உங்களுக்கு இது?" என்று முருகேசன் சிரிப்பார். இன்னும்தான்.

கேட்காமல் வாங்கிய வீடு

போன மாரியில் அன்ரன் அண்ணை வந்தார். மன்னார்க்காரர். முப்பது வருடம் லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரே பாதையில் போய்ப் போய் வந்த மனிதருக்கு, இந்தப் பிரித்தானியத் தீவைக் கடலோரமாகவே ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும் என்று ஆசை. வாங்கிய மோட்டார்ஹோமை எங்கள் முற்றத்தில் நிறுத்தினார். முற்றம் முடிந்துபோனது. அதன் ஒவ்வொரு அலுமாரியையும் எனக்குத் திறந்து காட்டினார், பள்ளிக்கூடப் பிள்ளை புதுப் பையைக் காட்டுவது போல. எனக்கும் அந்த உற்சாகம் தொற்றிக்கொண்டது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன்.

நான் எழும்பி வந்தபோது அவருடைய மனைவி பிலோமினா அக்கா பக்கத்தில் நின்றார். தன் காரில் பின்னாலேயே வந்து, அரை மணித்தியாலமாகத் தெருவில் உட்கார்ந்திருந்திருக்கிறார். மோட்டார்ஹோமுக்குள் அவர் எட்டியும் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "தம்பி, இவர் என்னட்டக் கேட்டு இதை வாங்கேல்லை. வாங்கிப்போட்டார், சரி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போக எனக்கு ஒரு கார் வேணும், நானே ஓட்டுற கார். அது இல்லாட்டி நான் வரமாட்டன், இவர் தனியப் போய்க் கடலைப் பாக்கட்டும்."

கியர்

சிக்கல் அடுத்த நிமிடமே வந்தது. அக்காவின் கார் ஓட்டோமற்றிக். லைசன்சும் ஓட்டோமற்றிக்குக்கு மட்டும். அந்த மாதிரிக் கார்களில் பெரும்பாலானவற்றை இப்படி உருட்டி இழுக்கவே கூடாது. எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் கியர்பெட்டிக்குள் எண்ணெய் ஓடாது, நூறு மைல் போவதற்குள் வெந்துவிடும். கியர் போட்டு ஓட்டுகிற சின்னக் கார் என்றால் நியூட்ரலில் விட்டுவிட்டு நிம்மதியாக இழுக்கலாம். "டிரெய்லர்ல ஏத்திரலாமேண்ணே?" என்றார் முருகேசன். காரின் பாரமும் டிரெய்லரின் பாரமும் சேர்ந்தால் அண்ணையின் வண்டிக்கு அனுமதித்த எடையைத் தாண்டிவிடும். மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன், மூன்று தரமும் தாண்டியது.

அன்ரன் அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. மனைவி வராவிட்டால் அவர் எங்கேயும் போகப் போவதில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. பாவமாக இருந்தது. என்னை வண்டியின் மறுபக்கம் கூட்டிப்போய், "தம்பி, கியர் கார் ஒண்டை வாங்கிக் கட்டுவம். வெளிக்கிட்ட பிறகு அவவுக்குச் சொல்லுவம்" என்று காதுக்குள் சொன்னார். பஸ் சாரதியின் காதுக்குள் பேச்சு முற்றம் முழுக்கக் கேட்கும். அக்கா அங்கிருந்தே பதில் சொன்னார்: "நாப்பது வயசில ஒரு லைசன்ஸ் எடுத்தனான். அறுபதில இன்னொண்டு எடுக்கேலாதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

எட்டு எலுமிச்சம்பழம்

அக்கா கியர் கார் ஓட்டப் பழகத் தொடங்கிய அதே மாதத்தில் கிங்ஸ்பரியில் இருந்து ஒரு டாக்டர் தன் மோட்டார்ஹோமோடு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், எதையும் இரண்டு தரம் கேட்டுக் குறித்துக்கொள்பவர். கார் கட்டியபடி ரிவர்ஸ் போகக் கூடாது, போனால் பின்காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும் என்று சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டார். பிறகு கட்டிய காரோடு நேரே விம்பிள்டன் கோயிலுக்கு வாகன பூசைக்குப் போனார்.

நாலு எலுமிச்சம்பழமா எட்டா என்று ஐயர் கேட்டாராம். இந்த நாட்டுச் சட்டப்படி பின்னால் இருப்பது வெறும் டிரெய்லர்தான் என்று டாக்டர் விளக்கியிருக்கிறார். சக்கரம் இருக்கிறதல்லவா, எட்டு வையுங்கள் என்று அவருடைய மனைவி முடித்துவைத்தார். கற்பூரம் காட்டியாயிற்று. இனிப் பழத்தை நசுக்க வேண்டும். முன்னால் யாரோ காரை விட்டுவிட்டுப் போயிருந்ததால், டாக்டர் பழங்களை எடுத்துச் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்து, பக்தியோடு ரிவர்ஸ் போட்டிருக்கிறார். பின்கார் தெருவுக்குக் குறுக்கே முறுக்கிக்கொண்டு நின்றது. நசுங்கியது இரண்டு பழம்தான். தொலைபேசியில் அவர் கோபப்படவே இல்லை, வருத்தம்தான்: "பின்னாடி போகக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்க சார், நானும் எழுதி வச்சிருக்கேன். ஆனா சாமி காரியத்துக்கும் போகக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே."

மூன்றாம் தரம்

பிலோமினா அக்கா கணவரிடம் கார் ஓட்டப் பழக மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஒரு பயிற்சி ஆசிரியரைப் பிடித்தார். அண்ணை ஒரு சின்னச் சிவப்புக் கார் வாங்கி எங்களிடம் விட்டார். சட்டம் பூட்டத் தேவையானதெல்லாம் செய்து தயாராக வைத்தோம். அது மூலையில் நிற்க, நாங்கள் அக்காவின் லைசன்ஸ் சோதனை நாட்களை எண்ணிக்கொண்டிருந்தோம். என் சொந்தப் பிள்ளைகளின் சோதனைக்குக்கூட நான் இப்படித் தவித்ததில்லை.

முதல் தரம் ரவுண்டபவுட்டில் கார் நின்றுபோனது. இரண்டாம் தரம் ஒரு ஏற்றத்தில் பின்னால் உருண்டது. அன்ரன் அண்ணை மோட்டார்ஹோமை விற்றுவிடவா என்று என்னிடம் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் தரம் போன அன்று மத்தியானம் தாண்டியும் யாரும் அழைக்கவில்லை. மூன்று மணிக்கு அக்காவே பட்டறைக்கு நடந்து வந்து, கைப்பையில் இருந்து அந்தக் கடதாசியை எடுத்து என் முன்னால் விரித்தார். முருகேசன் கையில் இருந்த சோதனை விளக்கைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவில்லை. அக்கா மட்டும்தான் அமைதியாக இருந்தார்: "பாஸ் பண்ணினதை இவருக்கு இன்னும் சொல்லேல்லை தம்பி. என்னைக் கேக்காம வீடு வாங்கினவர், பின்னேரம் வரைக்கும் கொஞ்சம் யோசிச்சுக்கொண்டு இருக்கட்டும்."

முட்டுச்சந்து

ஓட்டிப் பார்க்கும் நாளில் நானும் கூடப் போனேன். சிவப்புக் கார் வளைவுக்கு வளைவு அழகாகத் திரும்பி வந்தது. நான் பின்கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. நெரிசலைக் கண்டதும், "எனக்குத் தெரியாத ரோட்டே?" என்று ஒரு குறுக்குத் தெருவுக்குள் திருப்பினார். தெரு முடிகிற இடத்தில் கிடங்கு தோண்டி வேலி போட்டிருந்தார்கள். முப்பது வருடப் பழக்கம், கை தானாக ரிவர்ஸுக்குப் போனது. நான் கத்துவதற்குள் சிவப்புக் கார் முறுக்கிக்கொண்டது. பின்னால் இரண்டு வான்கள் வந்து நின்று ஹோர்ன் அடிக்கத் தொடங்கின.

அண்ணை ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். இறங்கியவர் அக்காதான். நான் காட்டிக்கொடுத்த மாதிரியே அண்ணையைக் கொஞ்சம் முன்னால் எடுக்கச் சொல்லி, சட்டத்தைப் பூட்டியிருந்த ஊசிகள் இரண்டையும் இழுத்து, அதை மடித்து, காருக்குள் ஏறினார். வான்காரர்களைக் கையைக் காட்டிப் பின்னுக்கு அனுப்பினார். பிறகு கிளட்சை அரைக்கால் விட்டு, அங்குலம் அங்குலமாகப் பின்னால் போய், தெரு முனையில் ஒழுங்காக நிறுத்தினார். அதன் பிறகுதான் அண்ணையால் அசைய முடிந்தது. மறுபடி மாட்டும்போது அக்கா என்னிடம் சொன்னார்: "முப்பது வருசம் டபுள் டெக்கரை ரிவர்ஸ் எடுத்த மனுசன். இனி நான் கழட்டி விட்டாத்தான் திரும்புவார். தம்பி, உங்கட சாமான் எனக்குப் பிடிச்சிருக்கு."

கோர்ன்வாலில் இருந்து

வைகாசியில் இருவரும் கோர்ன்வால் கடற்கரைப் பக்கம் புறப்பட்டுப் போனார்கள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் மத்தியானச் சாப்பாட்டில் கை வைத்திருக்கும்போது அக்காவின் அழைப்பு. ஞாயிற்றுக்கிழமையில் வாடிக்கையாளர் அழைத்தால் எங்கேயோ வண்டி நின்றுவிட்டது என்று அர்த்தம். பிரேக்கா, கொக்கியா, விளக்கா என்று வரிசையாகக் கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். அண்ணைக்குச் சுகமில்லையா என்றேன். அவர் கடற்கரையில் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், நல்ல சந்தோசம் என்றார். அவருடைய குரலுக்குப் பின்னால் காற்றுச் சத்தம் பெரிதாகக் கேட்டது. என்னத்துக்கு எடுத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்: "பூசை முடிஞ்சு ஒரு மணித்தியாலம் ஆச்சுத் தம்பி. திரும்பிப் போகாம, ரோட்டு போற பக்கமெல்லாம் சும்மா ஓடிக்கொண்டு வந்தனான், இப்ப ஒரு மலை நுனியில நிக்கிறன். கல்யாணம் கட்டின நாள் துவக்கம், நான் எங்க நிக்கிறன் எண்டு ஒருத்தருக்கும் தெரியாத முதல் மணித்தியாலம் இது. ஆருக்காவது சொல்ல வேணும் போல இருந்தது, இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

நாங்கள் கட்டிக் கொடுக்கும் சட்டத்துக்கும் கொக்கிக்கும் முழு உத்தரவாதம் உண்டு. அவிழ்த்த பிறகு கார் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு மட்டும் நாங்கள் பொறுப்பில்லை.