பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது

தாம்பரத்தில் நான் நர்சிங் படித்த ஆஸ்பத்திரி வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கூரை அவ்வளவு உயரம். ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும், காற்று மட்டும் கட்டிலுக்கு வராது. ஆபரேஷன் வார்டில் முதல் வருடப் பெண்களுக்கு ஊசி போடும் வேலையெல்லாம் கிடையாது. காவல் வேலைதான். அன்றைக்கு ஆபரேஷன் இருப்பவர்களின் தலைமாட்டில் 'வாய்வழி எதுவும் தரக்கூடாது' என்ற அட்டையைத் தொங்கவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். பாவம் பார்த்து யாரும் ஒரு வாய் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் ஏதாவது இருந்தால் மேலேறி மூச்சை அடைத்துவிடும். காரணம் சரிதான், அதோடு எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை அந்தக் காத்திருப்போடுதான். அனகாபுத்தூரிலிருந்து பித்தப்பைக் கல்லுக்காக ஓர் அம்மா வந்து சேர்ந்திருந்தார். முந்தின ராத்திரி சாப்பிட்டதோடு சரி. காலையில் பச்சை கவுன் மாட்டிக்கொண்டு, வளையலைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் விபத்து என்று இரண்டு பேரைத் தூக்கிவந்தார்கள். இருப்பதோ ஒரே ஆபரேஷன் தியேட்டர். சாயங்காலம் "இன்னிக்கு இல்ல, நாளைக்கு" என்று சொல்லிவிட்டார்கள்.

"பரவால்ல பாப்பா, அவங்க உசுருக்குப் போராடுறவங்க" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே இட்லி சாப்பிட்டார்.

மறுநாளும் பட்டினி. குளுக்கோஸ் ஏறிக்கொண்டுதான் இருந்தது, நாக்குக்கு அது எங்கே தெரிகிறது? பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தேன். பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டார். பிடுங்கினேன், வேறென்ன செய்ய?

அவர் கணவர் தையல்காரர். கீழே போய் டீ குடித்துவிட்டு, வாயை அழுத்தித் துடைத்துக்கொண்டுதான் மாடி ஏறுவார்.

"குடிச்சா குடிச்சேன்னு சொல்லுங்களேன், நான் இன்னா அடிக்கவா போறேன்?" என்றார் அந்த அம்மா. மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

மத்தியானம் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, சின்ன வயசுலேர்ந்து நோம்பு வைக்கிறவ நான். தாகம் எனக்குப் புதுசில்ல. ஆனா நோம்புன்னா பொழுது சாஞ்சதும் மக்ரிப்புக்குப் பாங்கு சொல்வாங்க, நோம்பு தொறந்துடலாம். இதுக்கு யார்மா பாங்கு சொல்றது?"

எப்போது கூப்பிடுவார்கள் என்று கேட்க வார்டு சிஸ்டரிடம் ஓடினேன்.

"எனக்கு மட்டும் தெரியுமாடி? தியேட்டர்லேர்ந்து போன் வந்தாத்தான்" என்று எரிந்து விழுந்தார். அன்றைக்கு ஒரு பிரசவம் சிக்கலாகி, தியேட்டர் அதற்குப் போய்விட்டது.

அதற்கடுத்த நாளும் அதே பட்டினி, ஏதோ மெஷின் ரிப்பேர். போன் வந்ததும் சிஸ்டர் என்னைப் பார்த்து, "இன்னிக்கும் இல்ல. போய் தண்ணி குடு" என்றார். டம்ளரை நிரப்பிக்கொண்டு ஓடினேன்.

"குடிங்கமா, இப்ப குடிக்கலாம்."

உதடு வெடித்திருந்தது. ஆனாலும் கையை நீட்டவில்லை.

"நாளைக்கும் கூப்புடுவாங்கல்ல?"

"ஆமாமா."

"அப்ப வேணாம் பாப்பா. இப்பதான் பழகிக்கினு வருது. குடிச்சா நாக்கு மறுபடியும் கேக்கும்."

கெஞ்சினேன், கோபப்பட்டேன், கணவரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அத்தனை நாளும் அவர் வாயில் தண்ணீர் படாமல் காத்தவள் நான். ஒரே ஒரு வாய் குடிக்க வைக்க என்னால் முடியவில்லை.